லாஸ் வேகாஸில் 100 டாலர்: பென்னியா, டாலரா, மெகாபக்ஸா, வீடியோ போக்கரா?

கிராண்ட் கேன்யன் பார்க்கப் போகிற நம்மவர்கள் பலர் ஒரு ராத்திரியாவது லாஸ் வேகாஸில் தங்குகிறார்கள். அங்குள்ள பெரிய ஓட்டல்களில் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு லிஃப்டுக்குப் போகவே கேசினோவைக் கடந்தாக வேண்டும், கட்டியிருப்பதே அப்படித்தான். சரி, ஆளுக்கு 100 டாலர், அதற்கு மேல் ஒரு சென்ட் கிடையாது என்று பேசி முடித்துவிட்டு உட்காரப் போனால் அடுத்த குழப்பம். ஸ்லாட் மெஷின்களின் ஒரு வரிசைக்கு மேலே '98% வரை திருப்பித் தரும்' என்று போர்டு. எதிரே ஒரு சென்ட் மெஷின்கள். மூலையில் கோடிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் ஜாக்பாட் எண். எதில் உட்காருவது?

இவற்றில் எதுவுமே பணம் பண்ணும் வழி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொழுதுபோக்குக்குக் கொடுக்கும் விலை எதில் குறைவு, அந்த விலையை நம்மால் தெரிந்துகொள்ள முடிகிறதா என்பதுதான் கேள்வி.

## எதை வைத்து ஒப்பிடுவது

சதவீதம் எதன் மீது? 92% என்றால் 100 டாலரோடு உட்கார்ந்தவர் 92 டாலரோடு எழுந்திருப்பார் என்று நினைக்கிறோம். அது தப்பு. நீங்கள் பையிலிருந்து எடுத்த பணத்தின் மீது அல்ல, மெஷினில் சுழலவிட்ட மொத்தப் பந்தயத்தின் மீதுதான் அந்தக் கணக்கு. ஜெயித்ததைத் திரும்பப் போட்டால் அதுவும் புதுப் பந்தயம். 100 டாலரை முழுக்க ஒரு தடவை சுழற்றினால் சராசரியாக 92 மிஞ்சும். அந்த 92-ஐ மறுபடி சுழற்றினால் 84.64. இப்படிப் பத்து தடவை ஆனால் மிஞ்சுவது 43 டாலர் சொச்சம். போர்டு பொய் சொல்லவில்லை. கை மட்டும் காலியாகிவிடுகிறது.

ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சுழல்கிறது? பட்டனை விடாமல் அழுத்துகிறவர் மணிக்கு 600 சுற்று வரை போய்விடுவார். யூனிட் விலையை மட்டும் பார்த்து கரண்ட் பில்லைச் சொல்ல முடியுமா? எத்தனை யூனிட் ஓடியது என்பதும் வேண்டும். பந்தயத் தொகை, வேகம், கேசினோவின் பங்கு (திருப்பித் தராத சதவீதம்) மூன்றையும் பெருக்கினால்தான் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு செலவு என்று தெரியும். நான் ஒப்பிடப்போவது இந்த எண்ணைத்தான்.

ஏற்ற இறக்கம் எப்படி? அடிக்கடி சில்லறையாகத் தரும் மெஷின் உண்டு. நெடுநேரம் ஒன்றும் தராமல் ஒருவருக்கு மட்டும் மொத்தமாகக் கொட்டும் மெஷினும் உண்டு. இரண்டும் 90% என்றே கணக்குக் காட்டலாம்.

விகிதத்தை நாமே சரிபார்க்க முடியுமா? இதற்குத்தான் என் மதிப்பெண்ணில் பாதி.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் ஒரு மெஷின் கணக்குப்படி குறைந்தது 75% திருப்பித் தர வேண்டும். நியூ ஜெர்சியில் 83%. இந்தக் கீழ்வரம்பை ஒட்டி ஓட்டுகிறவர்கள் அரிது. ஆனால் குறிப்பிட்ட மெஷினின் விகிதத்தை அதன் முகப்பில் எழுதி வைக்க நெவாடாவில் கட்டாயம் இல்லை. பிரிட்டனில் அந்தத் தகவல் ஆடுபவருக்குக் கிடைத்தாக வேண்டும். நெவாடாவின் சூதாட்டக் கட்டுப்பாட்டு அமைப்பான கேமிங் கன்ட்ரோல் போர்டு மாதாமாதம் வெளியிடும் அறிக்கையில் பகுதிவாரியாகவும் நாணய மதிப்புவாரியாகவும் சராசரிகள் மட்டும் இருக்கும். கீழே நான் பயன்படுத்தும் சுமார் எண்களுக்கு அடிப்படை அந்தச் சராசரிகள். அதில் ஒரு சிக்கல்: வீடியோ போக்கரும் ஸ்லாட் கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறது. அதனால் ஒரு ஊரின் மொத்தச் சராசரி, சாதாரண ஸ்லாட் மெஷினின் உண்மை நிலையைவிடக் கொஞ்சம் தாராளமாகத் தெரியும்.

## பென்னி மெஷின்

பெயரில்தான் ஒரு சென்ட். படங்கள் சேர்ந்தால் பரிசு தரும் ஐம்பது கோடுகள், கூடவே போனஸ் கட்டணம் என்று சேர்த்துப் பார்த்தால், குறைந்தபட்சப் பந்தயமே 50, 75, 88 சென்ட் என்று இருக்கும். பெரிய ஓட்டல்கள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் பகுதியில் பென்னி மெஷின்களில் கேசினோவின் பங்கு 12 சதவீதத்தை ஒட்டி வருகிறது. சுற்றுக்கு 80 சென்ட் என்று வைத்தால் மணிக்கு 480 டாலர் சுழலும். அதில் 58 டாலர் போகும். பெயரில் மலிவானதுதான் சதவீதத்தில் மோசமானவற்றில் ஒன்று.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில். 80 சென்ட் போட்டு 30 சென்ட் விழுந்தால் அது 50 சென்ட் நட்டம். ஆனால் மெஷின் அதைக் கொண்டாடும்: கோடுகள் மின்னும், இசை வரும், எண் மெதுவாக ஏறும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை 'வெற்றி வேடம் போட்ட தோல்வி' என்ற பொருளில் பெயரிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். புதிதாக ஆடுகிறவர்களின் உடல் இந்தப் போலி வெற்றிக்கும் நிஜ வெற்றிக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி எதிர்வினை காட்டுகிறது என்று கண்டார்கள். அதனால்தான் ஒரு மணி நேரம் 'நிறைய ஜெயித்தும்' டிக்கெட்டில் 40 டாலர் மட்டும் இருக்கிறது.

இது சரியான தேர்வாக இருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. படம், பாட்டு, போனஸ் சுற்று என்று வேடிக்கைதான் வேண்டும், மெதுவாகத்தான் அழுத்துவேன் என்பவருக்கு இது போதும். நிமிடத்துக்கு ஐந்து சுற்று மட்டும் ஆடினால் மணிக்கு 300 சுற்று, செலவும் பாதியாகிவிடும். அதே பென்னி மெஷினை ஸ்ட்ரிப்பை விட்டு, உள்ளூர்க்காரர்கள் போகும் போல்டர் ஹைவே பக்கம் ஆடினால் கேசினோவின் பங்கு ஓரிரு சதவீதப் புள்ளிகள் குறைவாக இருக்கும். அதற்காக டாக்சி பிடித்துப் போனால் மிச்சம் பிடித்தது வாடகைக்கே சரியாகிவிடும் என்பது வேறு விஷயம்.

## டாலர் மெஷினும் '98% வரை' போர்டும்

ஸ்ட்ரிப்பில் டாலர் மெஷின்களில் கேசினோவின் பங்கு சுமார் 8%. பென்னியைவிட நல்ல விகிதம். ஒற்றை டாலர் பந்தயத்தில் 600 சுற்று போனால் 48 டாலர் செலவு. அதாவது 80 சென்ட் 'பென்னி'யைவிடக் குறைவு. ஆனால் டாலர் மெஷின்கள் பலவற்றில் மூன்று நாணயம் போட்டால்தான் மேல் பரிசு முழுதாகக் கிடைக்கும். மூன்று டாலர் போட்டால் மணிக்கு 1,800 சுழன்று 144 டாலர் போகும். நல்ல விகிதம், பெரிய பில்.

இப்போது அந்தப் போர்டு. அதில் முக்கியமான சொல் 'வரை'. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு மெஷின் 98% ஆக அமைக்கப்பட்டிருந்தாலும் வாசகம் உண்மைதான். எந்த மெஷின் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெளியே இருந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் ஒரே விளையாட்டை, ஒரே பெட்டியை, ஒரே படங்களோடு, தயாரிப்பாளர் பல விகிதங்களில் விற்கிறார். எதை வாங்குவது என்று கேசினோ முடிவு செய்கிறது. 'சராசரி 95%' என்று போட்டிருந்தால் அது கொஞ்சம் மேல். ஒரு தொகுதி முழுவதையும் பற்றிய கூற்று அது. 'இந்த வரிசையில் உள்ள ஒவ்வொரு மெஷினும்' என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே அந்த எண்ணை நம்பி உட்காரலாம்.

சுற்றும் உருளையைப் பார்த்தே கணக்கிட முடியாதா என்று சிலர் கேட்பார்கள். ஒரு காலத்தில் முடிந்தது. மூன்று உருளை, ஒவ்வொன்றிலும் 22 நிறுத்தங்கள் என்றால் மொத்தம் 10,648 சேர்க்கைகள். பொறுமைசாலி ஒருவர் உட்கார்ந்து எண்ணிவிடலாம். 1984-இல் இங்கே டெல்னாஸ் என்ற நார்வேக்காரர் பெற்ற காப்புரிமை இதை மாற்றியது. கண்ணுக்குத் தெரியும் உருளை வெறும் காட்சி. எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கணினி எடுக்கும் சமவாய்ப்பு எண் முன்கூட்டியே முடிவு செய்துவிடும். உள்ளே ஒவ்வொரு உருளைக்கும் 64 நிறுத்தங்கள் கொண்ட ஒரு கற்பனை உருளை இருந்தால் சேர்க்கைகள் 2,62,144 ஆகிவிடும். ஜாக்பாட் படத்துக்கு அதில் ஒரே ஒரு இடம், அதற்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு நிறைய இடம் என்று பங்கிடலாம். அதனால்தான் ஜாக்பாட் படம் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே வந்து 'அய்யோ, நூலிழையில் போச்சே' என்று நிற்பது அத்தனை தடவை நடக்கிறது. நூலிழை எல்லாம் இல்லை.

போகிற போக்கில் ஒன்று: நீங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே கேசினோ மெஷினை 'இறுக்கிவிடும்' என்ற பேச்சுக்கு நெவாடாவில் இடமில்லை. சர்வர் வழியாக அமைப்பை மாற்றவும் அந்த மெஷினில் நான்கு நிமிடம் யாரும் ஆடாமல், உள்ளே பணம் இல்லாமல் இருக்க வேண்டும். வாசல் பக்கத்து மெஷின் தாராளமாகத் தரும், ரொம்ப நேரம் தராத மெஷின் இனிமேல் தரும் என்பவையும் வெறும் நம்பிக்கைகள்.

டாலர் மெஷின் யாருக்கு? ஒரே ஒரு நாணயம் போட்டாலும் பரிசு விகிதம் குறையாத மெஷின் கிடைத்து, ஒற்றை டாலரோடு நிறுத்திக்கொள்ளும் கட்டுப்பாடு உள்ளவருக்கு.

## மெகாபக்ஸ்

1986-இல் தொடங்கிய, நெவாடா முழுக்க உள்ள மெஷின்களை ஒரே பரிசுக்காக இணைத்த ஜாக்பாட். குறைந்தபட்சம் ஒரு கோடி டாலரில் ஆரம்பிக்கும். 2003 மார்ச்சில் எக்ஸ்காலிபர் ஓட்டலில் 25 வயது இளைஞர் ஒருவருக்கு 3 கோடியே 97 லட்சம் டாலர் விழுந்தது. இன்னமும் எல்லோரும் சொல்லும் கதை அதுதான்.

கணக்கு இப்படி: ஜாக்பாட்டுக்குத் தகுதி பெற சுற்றுக்கு மூன்று டாலர். வாய்ப்பு சுமார் ஐந்து கோடியில் ஒன்று. ஜாக்பாட் ஒரு கோடியாக இருக்கும்போது அது உங்கள் மூன்று டாலருக்குத் திருப்பித் தரும் மதிப்பு 20 சென்ட், அதாவது பந்தயத்தில் 6.7%. கேசினோவின் மொத்தப் பங்கு 12% என்று வைத்தால் விளம்பரத்துக்கு 88%. ஆனால் ஜாக்பாட் உங்களுக்கு விழாத வரை (விழப்போவதில்லை) நீங்கள் ஆடுவது 81% மெஷினில். விழுந்தாலும் தொகை 25 ஆண்டுத் தவணைகளில் வரும்; ஒரே தடவையாகக் கேட்டால் சுமார் 60% மட்டும். சராசரிப்படி மணிக்கு 216 டாலர் போகும் மெஷின் இது. 100 டாலர் அரை மணி நேரம்கூடத் தாங்காது.

கனவுக்குக் காசு கொடுக்கிறேன் என்று தெளிவாகச் சொல்பவர் இரண்டு சுற்று ஆடிவிட்டு, ஆறு டாலரோடு எழுந்து போகலாம். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

## வீடியோ போக்கர்

இந்த நான்கில் விலையை முகப்பிலேயே எழுதி வைத்திருப்பது இது ஒன்றுதான். திரையில் ஐந்து சீட்டு வரும்; வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஒரு தடவை மாற்றலாம்; கடைசியில் இருக்கும் கைக்குப் பட்டியல்படி பரிசு. திரையில் சீட்டு காட்டினால் அது நிஜமான 52 சீட்டுக் கட்டைப் போலவே நடக்க வேண்டும் என்பது நெவாடா விதி. ஆகவே எந்தக் கை எத்தனை தடவை வரும் என்பது கணிதம். பரிசுப் பட்டியல் கண்முன் இருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் விகிதம் வந்துவிடும். யாரும் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' (ஜாக் ஜோடி முதல் பரிசு) என்ற சாதாரண ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இரண்டு வரிகளை மட்டும் பாருங்கள்: ஃபுல் ஹவுஸ் (ஒரே எண் மூன்று, கூடவே ஒரு ஜோடி), ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே இனம்). ஒரு நாணயத்துக்கு அவை 9, 6 என்று இருந்தால், தவறில்லாமல் ஆடுபவருக்கு 99.54%. 8, 5 என்று இருந்தால் 97.3%. 6, 5 என்று இருந்தால் 95%. ஃபுல் ஹவுஸும் சரி, ஃப்ளஷும் சரி, ஏறக்குறைய 90 கைக்கு ஒன்று வரும். அதனால் அந்த வரிகளில் ஒரு நாணயம் குறைந்தாலே 1.1 சதவீதம் காணாமல் போகிறது. மெஷின் அதேதான், இருக்கை அதேதான், ஓர் எண் மட்டும் வேறு. ஒரே கேசினோவில் பத்தடி தூரத்தில் 9/6-உம் 6/5-உம் நிற்பதுண்டு. பார் கவுண்டரில் பதித்திருக்கும் மெஷினை உட்காரும் முன் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

இதற்கும் மறைந்த செலவுகள் உண்டு. முதலாவது, 99.54 என்பது பிசகாமல் ஆடுபவருக்கு. புதியவர் எளிதாக இரண்டு சதவீதம் வரை கோட்டைவிடுவார். வழக்கமான பிசகுகள்: ஜோடியோடு 'பாதுகாப்புக்கு' ஓர் ஏஸையும் சேர்த்துப் பிடிப்பது; ஒரே இனத்தில் நான்கு சீட்டு இருக்க, சின்ன ஜோடியைப் பிடிப்பது; ராயல் ஃப்ளஷுக்கு (ஒரே இனத்தில் 10 முதல் ஏஸ் வரை) நான்கு சீட்டு கையில் இருக்க, வந்துவிட்ட ஃப்ளஷை விட மனம் வராமல் இருப்பது. எதைப் பிடிப்பது என்று அச்சிட்ட சிறு அட்டையை வைத்துக்கொண்டு ஆடலாம். பொதுவாக யாரும் தடுப்பதில்லை.

இரண்டாவது, ராயல் ஃப்ளஷ் சுமார் 40,000 கைக்கு ஒரு தடவைதான். மொத்த விகிதத்தில் கிட்டத்தட்ட இரண்டு சதவீதம் அதில்தான் அடங்கியிருக்கிறது. ஒரு ராத்திரியில் அது வரப்போவதில்லை, ஆக உங்கள் நிஜ விகிதம் 97.5 பக்கம். மூன்றாவது, ஐந்து நாணயம் போட்டால்தான் ராயலுக்கு 4,000 நாணயம். ஒன்று போட்டால் 250 மட்டும். பணம் மிச்சப்படுத்துகிறேன் என்று ஒற்றை நாணயம் போடுபவர் ஒரு சதவீதத்துக்கு மேல் விட்டுக்கொடுக்கிறார். நான்காவது, ஸ்ட்ரிப்பில் சின்ன மதிப்பு மெஷின்களில் 9/6 அரிதாகிவிட்டது. ஸ்ட்ரிப்பை விட்டு வெளியே தேட வேண்டியிருக்கும்.

யாருக்குச் சரி? சீட்டாட்டத்தில் கொஞ்சம் பழக்கம் உள்ளவருக்கு, யோசித்து ஆடுவது அலுப்பாகத் தெரியாதவருக்கு. ரம்மி கையைப் பிரித்துப் பழகியவர்கள் அரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்வார்கள். போக்கரில் எந்தக் கை பெரிது என்றே தெரியாதவர், விகிதத்தை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

மணிக்கு 600 சுற்று என்ற ஒரே வேகத்தில் போட்ட கணக்கு. வீடியோ போக்கரில் புதியவர் அதில் பாதி வேகம்தான் போவார். குவார்ட்டர் என்றால் 25 சென்ட் நாணயம்; ஐந்து போட்டால் 1.25 டாலர்.

| மெஷின் | சுற்றுக்குப் பந்தயம் | கேசினோவின் பங்கு (சுமார்) | மணிக்குச் சராசரி இழப்பு | விகிதம் வெளியே தெரியுமா? |
|---|---|---|---|---|
| ஸ்ட்ரிப் பென்னி | 80 சென்ட் | 12% | 58 டாலர் | தெரியாது |
| டாலர், ஒரு நாணயம் | 1 டாலர் | 8% | 48 டாலர் | தெரியாது |
| டாலர், மூன்று நாணயம் | 3 டாலர் | 8% | 144 டாலர் | தெரியாது |
| மெகாபக்ஸ் | 3 டாலர் | 12% | 216 டாலர் | தெரியாது |
| குவார்ட்டர் போக்கர் 6/5 | 1.25 டாலர் | 5% | 38 டாலர் | தெரியும் |
| குவார்ட்டர் போக்கர் 8/5 | 1.25 டாலர் | 2.7% | 20 டாலர் | தெரியும் |
| குவார்ட்டர் போக்கர் 9/6, பிசகில்லாமல் | 1.25 டாலர் | 0.46% | 3.50 டாலர் | தெரியும் |
| அதுவே 2% பிசகோடு | 1.25 டாலர் | 2.46% | 18 டாலர் | தெரியும் |

சராசரி என்பது சராசரிதான். 9/6 மெஷினில் பத்து நிமிடத்தில் 60 டாலர் போவதும், பென்னியில் 200 டாலர் விழுவதும் அன்றாடம் நடக்கிறவை. ஆனால் எல்லோரும் எழுந்து போன பிறகு கேசினோவின் பெட்டியில் மிஞ்சுவது இந்த வரிசைப்படிதான்.

என்னைக் கேட்டால்: சீட்டு தெரிந்தவர் 8/5 அல்லது அதற்கு மேலான குவார்ட்டர் போக்கர், சீட்டு தெரியாதவர் மெதுவாக ஆடும் பென்னி. '98% வரை' போர்டுக்கு அடியில் மூன்று டாலர் பந்தயம் போட நான் சொல்ல மாட்டேன். 6/5 மட்டுமே இருக்கிறது என்றால் போக்கரின் கவர்ச்சி பாதி போய்விடுகிறது, ஆனாலும் பென்னியைவிட மேல்.

கேசினோவின் உறுப்பினர் அட்டையான கிளப் அட்டை இலவசம். அட்டை செருகினால் ஜெயிக்கும் வாய்ப்பு கூடுவதோ குறைவதோ இல்லை. போட்ட பந்தயத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு ஏதாவது ரூபத்தில் திரும்பும். 'இலவச' பானத்துக்கு ஒரு டாலராவது டிப்ஸ் வைப்பது வழக்கம். அதை வாங்கத்தான் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன் என்று ஆகிவிட்டால் அந்த ஜூஸ் இருபது டாலர்.

## பெரிதாக விழுந்தால்

ஸ்லாட்டில் ஒரே சுற்றில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் விழுந்தால் மெஷின் பூட்டிக்கொள்ளும். ஊழியர் வந்து வருமான வரிப் படிவம் நிரப்பிய பிறகுதான் பணம். அந்த எல்லை 1977 முதல் 1,200 டாலராகவே இருந்தது; 2026 முதல் 2,000.

ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மா விஷயத்தில் இது முக்கியம். வரிக் கணக்கில் அமெரிக்கவாசி அல்லாதவருக்கு ஸ்லாட் வெற்றியில் 30% பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். பிடிக்கும்போது அன்றைக்கே தோற்ற தொகையைக் கழித்துப் பார்க்கவும் மாட்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால் பிளாக்ஜாக், பக்காரா, கிராப்ஸ், ரூலட் ஆகிய மேஜை ஆட்டங்களில் ஜெயித்தால் அந்தப் பிடித்தம் இல்லை. அதனால் சுற்றுலா விசாவில் வந்தவருக்கு டாலர் மெஷினின் பெரிய பரிசுகள் நிஜத்தில் பத்தில் ஏழு பங்குதான். போர்டில் உள்ள 98% அவருக்கு இன்னும் கீழே. குவார்ட்டர் போக்கரில் ராயல் விழுந்தால் 1,000 டாலர்; அந்தப் படிவ எல்லைக்குள் அடங்கிவிடும், மெஷின் பூட்டிக்கொள்ளாது. சட்டப்படி அதுவும் வருமானம்தான்.

அப்பாவுக்காக மகன் பட்டனை அழுத்தி, பரிசை மகன் பெயரில் எழுதச் சொல்லலாமா என்றால், யார் ஆடினாரோ அவருக்குத்தான் பரிசு. மேலே கேமரா இருக்கிறது. 21 வயது ஆகாதவர் அழுத்தி விழுந்தால் யாருக்குமே கொடுக்க மாட்டார்கள். உட்காருகிறவர் யாராக இருந்தாலும் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு வர வேண்டாம், அடையாளம் காட்டாமல் பெரிய தொகை கையில் வராது.